அவசர மாத்திரை

கால் மரத்துப்போய்விட்டது. வலது கால். நீட்டினால் பாப்பா விழித்துக்கொள்வாள், விழித்தால் அழுவாள், அழுதால் உள்ளே தையல் மெஷின் நிற்கும், மருமகள் எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விடுவாள், அப்புறம் இந்தக் கயிற்றுக் கட்டிலில் வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க எனக்கு ஒரு சாக்கும் இருக்காது. கால் மரக்கட்டும். மெஷின் ஓடுகிறது. ஓடுகிறவரை சங்கவி நன்றாக இருக்கிறாள், தலை சுற்றவில்லை, குமட்டவில்லை என்று அர்த்தம். பாதி ஆயுசு ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் கம்பிரசருக்குப் பக்கத்தில் நின்று பூமியில் குழி போட்டவன் நான். வலது காதில் அந்தக் கம்பிரசர் இன்னும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ராவும் பகலும், டீசல் இல்லாமல். அதனால் இடது காதை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். மெஷின் நின்றது. ஏன் நின்றது? மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஓடியது. நூல் அறுந்திருக்கும். தலை நரைத்த ஒருவன், ஊரில் எல்லாரும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசத் தயங்குகிற அர்த்தநாரி, மருமகளுக்கு இந்த மாதம் வந்துவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு தையல் மெஷினை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான். வெளியில் சொன்னால் கல்லால் அடிப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வந்துவிட்டது என்றால் அவள் பிழைத்தாள். வரவில்லை என்றால், இல்லை, அந்தப் பக்கம் போக வேண்டாம். வரும். மாத்திரை சாப்பிட்டாளே. நான்தானே வாங்கிவந்தேன். நான்தான். இதை நினைக்கும்போது மட்டும் உடம்பில் ஒரு குளிர்ச்சி. பாறையைத் துளைக்கத் துளைக்க வெள்ளை மாவாகப் பறந்துகொண்டிருக்கிற தூசி, திடீரென்று ஈரமாகி முகத்தில் அடிக்குமே, அந்தக் குளிர்ச்சி.

கேட்டுவிடலாம்தான். வாய் இருக்கிறது. “ஏங் கண்ணு, வந்துருச்சா?” என்று எந்த மாமனார் எந்த மருமகளிடம் கேட்டிருக்கிறான்? அவளும் சொல்ல மாட்டாள். அன்றைக்கு ஒரு நாள் வாய் திறந்தாள், அது அன்றைக்கு. மறுநாளிலிருந்து பழையபடி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, “மாமா, சோறு போட்டுட்டேனுங்க” என்று கதவிடம் சொல்லிவிட்டுப் போகிறவள்தான். என் பெண்டாட்டி பாவாயிக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாமல் ஒரு வீட்டில் என்ன நடக்கும். ஆனால் பாவாயியிடம் கேட்டால், உங்களுக்கு எதுக்கு அது என்பாள், அதற்குப் பதில் சொல்லப் போனால் எல்லாம் வெளியே வந்துவிடும். முந்தாநாள் சங்கவி மாங்காய் தின்றாள். கிளிமூக்கு மாங்காய், உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, புளிப்புக்குத் தோளைக் குலுக்கிக்கொண்டு. மாங்காயா, எதற்கு மாங்காய், நாக்கு கேட்கிறதா? அப்புறம் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் பக்கத்தில் பாவாயியும் உட்கார்ந்து தின்கிறாள், எதிர்வீட்டு லாரி டிரைவர் வேலுச்சாமியும் வாசலில் நின்று ஒரு கை அள்ளிக்கொண்டு போகிறான். வேலுச்சாமிக்கு என்ன மசக்கையா? மாங்காய்க் காலத்தில் ஊரே தின்னும். எனக்கும் ஒரு கீற்று கொடுத்தார்கள். எனக்கு மட்டும்தான் இறங்கவில்லை. பாப்பா உறக்கத்தில் உதட்டைச் சப்புகிறாள். என்ன கனவோ. இவள் வந்த அன்றைக்கு இவளைக் கையில் வாங்க ஒருவரும் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நிற்கிறாள், பாவாயி சுவரோரம் உட்கார்ந்து அழுகிறாள், என் மகன் பூபதி ரத்தம் தேடி ஓடியிருக்கிறான், நான்தான் வாங்கினேன். கதவுக்கு அந்தப் பக்கம் சங்கவிக்கு ரத்தம் நிற்கவில்லை. கதவுக்குக் கீழே கழுவிவிட்ட தண்ணீர் வந்தது, இளஞ்சிவப்பாக. அந்த நிறத்தை மறக்க நான் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். பிழைத்துக்கொண்டாள். டாக்டரம்மா எங்கள் மூவரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொன்னது: “உள்தையல் ஆறணும். உடம்புல ரத்தம் ஊறணும். மூணு வருஷத்துக்கு இன்னொண்ணு நிக்கக் கூடாது. நின்னா, இந்தப் பொண்ணை மறுபடி இப்படித் திருப்பித் தர முடியும்னு நான் சொல்ல மாட்டேன்.” நான் கேட்டேன், பூபதி கேட்டான். பாவாயியும் கேட்டாள், ஆனால் அவள் காதில் மூணு வருஷம் என்பது மட்டும் விழவில்லை. இத்தனைக்கும் கம்பிரசருக்குப் பக்கத்தில் நின்றவன் நான்.

பூபதியும் போர் வண்டிக்காரன்தான். நான் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டான். ஒரிசாவில் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவான். சங்கவி காப்பர்-டி போட்டுக்கொள்ள ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். “புருசன் ஒரிசாவுல கெடக்கறான், இப்ப என்ன அவசரம்?” என்று பாவாயி அதைத் தள்ளிப்போட்டாள். அவசரம் என்ற வார்த்தையை முதலில் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்தான், இப்போது யோசித்தால். வண்டி கேரளாவுக்குப் போகிற வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான் பூபதி. முகமெல்லாம் புழுதி, கையில் ஒரு பலாப்பழம். ஒரு ராத்திரி இருந்தான். விடிகாலையில் வண்டி ஹாரன் அடித்தது, போய்விட்டான். பாவாயிக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை, ‘சாமி பாத்து அனுப்புச்சு’ என்று எருமையிடம் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. அடுத்தது பையன். மகனையும் மருமகளையும் பற்றி அப்பன் என்ன சொல்வான்? செவ்வாய்க்கிழமை காலையில்தான், பாவாயி காட்டு வேலைக்குப் போன பிறகு, சங்கவி இந்தக் கட்டில் பக்கம் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, என் மொபெட்டைப் பார்த்துப் பேசினாள். “மாமா, கடைவீதிக்குப் போவீங்களாங்க?” போவேன் என்றேன். “ஒரு மாத்திரை வாங்கியாரோணுங்க. அவசர மாத்திரைன்னு கேளுங்க. அவிங்களுக்கே தெரியுமுங்க.” ஊருக்கு வருகிற நர்சம்மா பிரசவ லீவில் போயிருந்தாள், மற்றவர்களுக்கெல்லாம் குடும்பக் கட்டுப்பாடு சொன்னவள் தனக்குச் சொல்லிக்கொள்ள மறந்துவிட்டாள் போல. சங்கவி போனில் அரசாங்க உதவி நம்பருக்குப் பேசி, என்ன மாத்திரை என்று கேட்டு வைத்திருந்தாள். அதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அவர்கள் சொன்னது மூன்று வார்த்தைப் பெயர். நடுவார்த்தையை மாமனாரிடம் சொல்ல நாக்கு வரவில்லை அவளுக்கு. விழுங்கிவிட்டாள். மிச்சத்தைச் சொன்னாள்.

எனக்கு அப்போதே ஒரு பெருமை. இந்த வீட்டில் என்னிடம் ஒரு வேலையை யார் சொல்கிறார்கள்? சொன்னால் அதில் ஒரு குறை கண்டுபிடித்து, அதை வருஷக்கணக்கில் வைத்திருப்பேன் என்று பயம். வைத்திருப்பேன்தான். என் தம்பி பந்தல்காலுக்கு என்னைக் கூப்பிடாதது, போர் வண்டி முதலாளி என் பெயரை மறந்து ‘ஏய் பைப்பு’ என்று கூப்பிட்டது, ஒன்றையும் விட்டவனில்லை நான். ஆனால் இவள் வந்து கேட்டாள். மூன்றாவதுகூட முடிக்காதவனிடம், மாத்திரைப் பெயரை எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாதவனிடம். மெயின் ரோட்டு மருந்துக் கடையில் போய் நிமிர்ந்து நின்று கேட்டேன். “அவசர மாத்திரை குடுங்க.” கடைக்காரன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தான். “யாருக்குங்க பெரியவரே?” மருமகளுக்கு என்றேன். “எப்ப இருந்துங்க?” அது சொல்லலைங்க, ரொம்ப அவசரம்னு சொல்லுச்சு. “தண்ணி மாதிரிப் போகுதுங்களா?” அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடப் பாவமே, பிள்ளைக்கு வயிற்றால் போகிறது, அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மொபெட்டைப் பார்த்துப் பேசியிருக்கிறது. எனக்கே அழுகை வருகிற மாதிரி இருந்தது. தண்ணி மாதிரித்தானுங்க, நல்லதாக் குடுங்க என்றேன். மாத்திரையோடு உப்புச் சர்க்கரைப் பொடியும் வாங்கி, வழியில் இளநீரும் வாங்கிக்கொண்டு பறந்துவந்தேன். “கண்ணு, இதைப் போட்டுக்கிட்டு மோர் குடி. ரசஞ்சோறு மட்டும் தின்னு. வேலையை நான் பாத்துக்கறேன், நீ அங்க இங்க ஓடாத, பக்கத்துலயே இரு” என்று கழிவறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் மாத்திரையைத் திருப்பிப் பார்த்தாள். பொடியைப் பார்த்தாள். இளநீரைப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அப்படியே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வயிற்றுத் தையலைக் கையால் அமுக்கிக்கொண்டு, “ஐயோ மாமா, ஐயோ மாமா” என்று கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பாப்பா பிறந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டதில்லை. எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமலே நானும் சிரித்தேன். சிரிப்பு ஓய்ந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “இது அதுக்கில்லீங்க மாமா.” பின்னே? “வவுத்துல நிக்காம இருக்கறதுக்குங்க. அவரு வந்துட்டுப் போனாருங்கல்ல. அவசரக் கருத்தடை மாத்திரைன்னு பேரு. மூணு நாளைக்குள்ள போடோணும், எவ்வளவு சீக்கிரம் போடறமோ அவ்வளவு நல்லதாம். அத்தைக்குத் தெரிஞ்சா விடமாட்டாங்க.” இளநீரைத் தரையில் வைத்தாள். “எனக்குச் சாகப் பயமா இருக்குதுங்க மாமா.” சிரித்த அதே முகம்தான். சிரிப்பின் ஈரம்கூடக் காயவில்லை. கதவுக்குக் கீழே வந்த தண்ணீர் எனக்கு ஞாபகம் வந்தது. மொபெட்டை எடுத்தேன்.

மூன்று வார்த்தையையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன், நடுவார்த்தை நழுவிவிடாமல். அவசரக் கருத்தடை மாத்திரை, அவசரக் கருத்தடை மாத்திரை. காது கேளாதவன் முணுமுணுப்பது ஊருக்கே கேட்கும், எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டவுனில் முதல் கடையில் கேட்டதும், கல்லாவில் இருந்தவன் என் நரைத்த தலையிலிருந்து செருப்புவரை பார்த்தான். “பெரியவருக்கு என்ன வயசுங்க?” இருமல் மருந்துக்கு நின்றிருந்த ஒருவன், “பெரியவரு இன்னும் சர்வீஸ்ல இருக்காருடோய்!” என்றான். கடையே சிரித்தது, மாத்திரை மட்டும் இல்லை. அவன் முகத்தை மனதில் குறித்துக்கொண்டேன், இடது புருவத்தில் ஒரு தழும்பு. ஆனால் இப்போது, கால் மரத்து உட்கார்ந்திருக்கிற இந்த நேரத்தில், உண்மையைச் சொன்னால் அது அவ்வளவு மோசமான வார்த்தையாகத் தோன்றவில்லை. சர்வீஸ். இருக்கட்டும். இரண்டாவது கடைக்காரன்தான் கொடுமை. “அதெல்லாம் குடும்பப் பொம்பளைங்க போடற மாத்திரை இல்லீங்க. நாங்க வைக்கறதில்லை.” குடும்பப் பொம்பளைக்குத்தான் கேட்கிறேன் என்றேன். “டாக்டர் சீட்டு இருக்குதுங்களா?” சீட்டு இருந்தால் கொடுப்பாயா? “சீட்டு இருந்தாலும் நம்மகிட்ட ஸ்டாக் இல்லீங்க.” எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. “ஏப்பா, உங்கடையில கோழிச் சீக்குக்கு மருந்து இருக்குது, நாய்க்கு உண்ணி மருந்து இருக்குது, மசுரு கொட்டாம இருக்க எண்ணெய் இருக்குது, எங்கூட்டுப் புள்ள சாகாம இருக்க ஒரு மாத்திரை இல்லியா?” ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். “சத்தம் போடாதீங்க பெரியவரே. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி செல்லமுத்து மெடிக்கல் இருக்குது. அவரு ஒருத்தருதான் வெச்சிருப்பாரு.” எந்த ஊரில் எத்தனை முத்து இருந்தாலும் அந்தச் செல்லமுத்து ஒருவன்தான். பாவாயியின் தம்பி. என் மைத்துனன். நான் முகம் கொடுத்துப் பேசாதவன்.

பாயசம். சொன்னால் சிரிப்பார்கள், சாப்பாட்டு விஷயத்துக்கா என்பார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை. செல்லமுத்து மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன் இல்லைதான், ஆனால் அக்கா புருஷன், மூத்தவன், பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். செல்லமுத்துவே வாளியைப் பிடித்துக்கொண்டு பாயசம் ஊற்றிக்கொண்டு வருகிறான். எனக்கு முந்தின இலைக்கு ஊற்றினான். யாரோ கூப்பிட்டார்கள். வாளியோடு திரும்பினான். எதிர்வரிசையில் ஆரம்பித்தான். நான் இலையில் ஒரு பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, அப்பளத்தைக்கூட நொறுக்காமல் காத்திருந்தேன். பந்தி எழுந்துவிட்டது. நான் இலையை என் பக்கம் மடிக்கவில்லை, சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி எதிர்ப்பக்கம் மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். உறவு முடிந்தது. யாரும் கவனிக்கவில்லை, அது இன்னொரு கோபம். இத்தனை வருஷமும் அந்தப் பாயசத்தை நான் ராத்திரி நினைத்துக்கொள்வேன், சேமியாவா ஜவ்வரிசியா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தக் கடை வாசலுக்குப் போய் நின்றேன். திரும்பி ஈரோடுவரை போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தது நிஜம். மொபெட்டை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, கடை முன்னால் ஒரு எடை பார்க்கிற மெஷின் நின்றதா, அதனிடம் போனேன். செல்லமுத்து கல்லாவில்தான் இருந்தான், தலை வழுக்கை விழுந்திருந்தது, அது ஒரு சந்தோஷம். நான் எடை மெஷினைப் பார்த்துச் சொன்னேன், “ஒரு மாத்திரை வேணும்.” அவன் என்னைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான். “என்ன மாத்திரைன்னு சொன்னா எடுத்துத் தரலாம்” என்றான், அவனும் மெஷினிடம். அவசரக் கருத்தடை மாத்திரை என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் என் மெதுவு பஸ் ஸ்டாண்டுவரை போகும். கடையில் நின்ற இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள். அவன் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. “எப்ப இருந்து கணக்குன்னு தெரிஞ்சாத் தேவலை.” ஞாயித்துக்கிழமை. “அப்ப நேரம் இருக்குது. பயப்பட வேண்டாம்னு சொல்லோணும்.” யாரு பயந்தா என்றேன், கொஞ்சம் கோபமாக. “மெஷின்தான்” என்றான். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷக் கோபம், ஒரு வார்த்தைக்குச் சிரித்துவிட்டால் என்ன மரியாதை?

அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தவன் மறந்துபோய் நேராக என்னிடம் பேசிவிட்டான். “மச்சான், இங்க பாருங்க. ஒரே மாத்திரைதான். சோறு தின்னுட்டுப் போடட்டும். போட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா மட்டும் இன்னொண்ணு போடோணும், இதோ, ரெண்டாத் தர்றேன். புள்ளைக்குப் பால் குடுக்கலாம். இது கலைக்கற மாத்திரை இல்லீங்க, எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க. நிக்கறதுக்கு முந்தியே தடுக்கறது, அவ்வளவுதான். வைக்கக் கூடாதுன்னு சட்டமும் இல்ல, சீட்டும் வேண்டியதில்ல. இவனுகளுக்கு நாலு பேரு என்ன சொல்லுவாங்கங்கற பயம். நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். வர்ற மாசம் வரவேண்டியது ஒரு வாரம் தள்ளிப்போச்சுன்னா டெஸ்ட் பண்ணிப் பாத்துரோணும். இதையே நம்பிட்டு இருக்காம அந்தக் காப்பர்-டியைப் போட்டுக்கச் சொல்லுங்க.” நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். அந்த ஒரு வார்த்தைதான் அன்றையிலிருந்து எனக்குள் பாறையில் மாட்டிக்கொண்ட டிரில் பிட்டு மாதிரி, மேலேயும் வரமாட்டேன் கீழேயும் போகமாட்டேன் என்று சுற்றுகிறது. நூறு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், என்ன குறைந்துவிடும்? சொல்லமாட்டான், பாயசத்தைக்கூட முழுசாக ஊற்றாதவன். “உங்கக்காளுக்கு…” என்று இழுத்தேன். “எந்த அக்கா?” என்றான். “எங்கடைக்கு இன்னைக்கு எந்த அக்காளும் வரல, எந்த மச்சானும் வரல.” வந்தவனை வரவில்லை என்கிறானே என்று அதையே ஒரு புதுக் கோபமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன், நிற்கவில்லை. டீ சொல்லட்டுங்களா என்றான். வேண்டாம் என்றேன். மாத்திரை வேறு, பாயசம் வேறு. ஆனால் மொபெட்டில் திரும்பி வரும்போது, ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்கு நிற்கும்போது, சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ‘மெஷின்தான்’ என்று எனக்கு நானே சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸில் ஜன்னலோரப் பெண்பிள்ளைகள் என்னைக் காட்டிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வண்டிப் பெட்டி ஒவ்வொன்றாகப் போகப் போக எனக்கு அவசரம், நிஜ அவசரம். வயிற்றால் போகிறவனுக்குக்கூட அவ்வளவு இருக்காது.

பாவாயி வீட்டில் இருந்தாள். பாப்பாவின் கிரைப் வாட்டர் டப்பாவுக்குள் வைத்து, “புள்ளைக்கு இதைக் குடு கண்ணு” என்று நீட்டினேன். சங்கவி டப்பாவைத் திறந்து பார்த்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள், கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர். சோறு தின்றாள், உள்ளே போனாள், செம்புத் தண்ணீர் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே. வாந்தி எடுக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்துப் பாவாயி கருவாடு வறுக்க எடுத்தாள். வாசம் குடலைப் பிரட்டிவிட்டால்? “வறுக்காத!” என்று கத்தினேன். “ஏனுங்க, கருவாடுன்னா உசுரையே விடுவீங்களே.” இன்னைக்கு வேண்டாம் என்றேன். “கிருத்திகையா?” இல்லை. “அம்மாசையா?” ஆமாம் என்றேன். “போன வாரம்தானுங்க அம்மாசை போச்சு.” எனக்குத் தனி அமாவாசை என்றேன். சமையலறையிலிருந்து களுக் என்று ஒரு சத்தம் வந்தது, சங்கவி சிரிப்பை விழுங்கியிருக்கிறாள். வாந்தியோ என்று நான் எழுந்தே விட்டேன். அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் நானே கருவாட்டை எடுத்துக்கொடுத்து வறுக்கச் சொன்னேன், பாவாயி என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள்.

அது ஆகி மூணு வாரம் ஓடிவிட்டது. போன வாரம் அந்த மெயின் ரோட்டுக் கடைக்குப் பாப்பாவுக்குச் சளி மருந்து வாங்கப் போனேன். அந்த வழியில் போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி நிறுத்தி அவனைத் திட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டிருந்தது, அவசரம் என்றால் உனக்குப் பேதி மட்டும்தான் தெரியுமா, கருத்தடை மாத்திரையும் வாங்கி வை என்று. அன்றைக்கு என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “பெரியவரே, உங்க மாத்திரை வந்துருச்சுங்க!” என்று கை ஆட்டினான். கடையில் இருந்த எல்லாத் தலையும் திரும்பியது. நான் என்ன செய்வேன்? சந்தோஷம் என்றேன், கருத்தடை மாத்திரையை ஒளித்து வைக்காதே, முன்னாலேயே தெரிகிற மாதிரி அடுக்கி வை என்றேன். ஸ்பின்னிங் மில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண், கையில் சின்னப் பையன், ஓரமாக நின்றிருந்தாள். நான் வெளியே வந்து மொபெட்டை உதைக்கும்போது, “அண்ணா, அந்தப் பெரியவரு சொன்னது ஒண்ணு குடுங்க” என்று அவள் கேட்டது என் இடது காதில் விழுந்தது. எதற்கென்று விளக்க வேண்டியதில்லை, நடுவார்த்தையைச் சொல்லிக் கூசவும் வேண்டியதில்லை. அந்தப் பெரியவரு சொன்னது. வண்டி கிளம்பாமல் அப்படியே நின்றேன். இந்த வயதில், இந்தப் படிப்பில், ஒரு மாத்திரைக்கு என் பெயர். ஆனால் எல்லாம் எதற்கு, சங்கவிக்கு வரவில்லை என்றால்? நூத்துக்கு நூறுன்னு சொல்ல மாட்டேன். கோபப்பட வேண்டிய இடத்தில் செல்லமுத்துவின் வழுக்கைத் தலை வந்து மெஷின்தான் என்கிறது. கோபம்கூடக் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, அது வேறு பயம், அதுவும் போனால் ராத்திரிக்கு எதை நினைத்துக்கொண்டு படுப்பேன்? தையல் மெஷின் நின்றுவிட்டது. நூல் அறுந்ததா? ஓடவில்லை. இன்னும் ஓடவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம். தலை சுற்றுகிறதா? பாப்பாவின் நெற்றியில் ஒரு எறும்பு, ஊதினேன். வெயில் சுவரைவிட்டு இறங்கிவிட்டது. பாவாயி எருமைக்குத் தண்ணீர் காட்டிவிட்டுக் கையைக் கழுவுகிறாள். குழாய்ச் சத்தத்தில் உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. குழாயை மூடேண்டி. மூடினாள். அப்போது உள்ளேயிருந்து சங்கவியின் குரல், சாதாரணமாக, உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி, ஆனால் பாவாயிக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் உரக்க, செவிட்டுக் காதுக்கும் எட்டுகிற அளவுக்கு உரக்க: “அத்தை, வெள்ளிக்கெழமையாச்சுங்க. இன்னைக்கு நீங்களே வெளக்கு வெச்சிருங்க.”

விளக்கா? விளக்குக்கு என்ன? தினமும் அவள்தானே வைப்பாள். அவள் ஏன்... அட. அட! மூணு நாளைக்குப் பொம்பளைகள் விளக்கைத் தொடமாட்டார்கள். பாவாயி குழாயடியில் கை ஈரத்தோடு நின்றாள். “ஏன், உனக்கென்ன?” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, “ஓ. சரி, சரி” என்றாள். முகம் தொங்கிவிட்டது. எருமையிடம் போய், “இந்தத் தடவை இல்ல போ” என்றாள். எருமை தலையை ஆட்டியது. என் வலது காதில் ஓடிக்கொண்டிருந்த கம்பிரசரை யாரோ ஒரு நிமிஷம் நிறுத்திவிட்ட மாதிரி எல்லாம் அமைதியாகி, காக்கைச் சத்தம், பஸ் ஹாரன், பாப்பாவின் மூச்சு, எல்லாம் தனித்தனியாகக் கேட்டது. சங்கவி காயப்போட்ட துணியை எடுக்க வெளியே வந்தாள், என் பக்கம் பார்க்கவே இல்லை, கொடியிலிருந்து ஒவ்வொரு துணியாக உதறி உதறி எடுத்தாள், ஒவ்வொரு உதறலும் பட்டாசு மாதிரி. பாவாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு விளக்கு வைக்கப் போனவள் கட்டில் பக்கம் வந்து நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஏனுங்க, எதுக்கு இப்படிப் பல்லைக் காட்டறீங்க?”

“பாப்பா மடியிலயே மூத்திரம் பேஞ்சுட்டா.”

“அதுக்கா சிரிப்பு?”

“ஆமா” என்றேன். “வெதுவெதுன்னு நல்லா இருக்குது.”